வெப்சைட்டில் வரும் தொல்லையை ஹோஸ்டிங் கம்பெனியிடம் புகார் செய்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. அதனாலேயே இணையத்தில் யாருக்கு என்ன தொல்லை வந்தாலும் "அவருக்குத் தெரியுமாட்ட இருக்குது, கேட்டுப் பாருங்க" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர், காலேஜ் போகிற பெண்ணின் அப்பா என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளவில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருவதெல்லாம் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும். நான் வக்கீல் இல்லை. கோர்ட் வரை போகிற விஷயமென்றால் வக்கீலைப் பாருங்கள்.

ஏனுங்க, ஹோஸ்டிங் கம்பெனின்னா யாரு? அந்த வெப்சைட்டை நடத்துறவன் தானே?

இல்லை. காந்திபுரத்தில் ஒரு காம்ப்ளெக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடை போட்டிருப்பவர்தான் வெப்சைட் நடத்துகிறவர். கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்ட கட்டட ஓனர்தான் ஹோஸ்டிங் கம்பெனி. வெப்சைட்டின் எழுத்து, படம் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்திருக்கும். கடையின் பெயர்ப்பலகைதான் டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர்; அதைப் பதிவு செய்து கொடுத்தவர் டொமைன் ரிஜிஸ்ட்ரார். சில காம்ப்ளெக்ஸில் வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்பார், உள்ளே போகிற எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த வேலையைச் செய்கிறவை கிளவுட்ஃப்ளேர் மாதிரி கம்பெனிகள். ஒரே கம்பெனி இதில் இரண்டு மூன்று வேலையைச் சேர்த்தும் செய்யலாம்.

கடைக்காரர் தொல்லை கொடுத்தால் முதலில் அவரிடமே சொல்லலாம். ஆனால் வேண்டுமென்றே செய்கிறவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்போதுதான் கட்டட ஓனரிடம் போகிறோம். வாடகைக்கு விடும்போதே இன்னின்னது செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருப்பார், அதை மீறினால் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. நாம் எழுதுகிற புகார் முழுக்க அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இன்ஸ்டாகிராம்ல ஒருத்தன் அசிங்கமா எழுதறானுங்க. இதுக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்குத்தான் எழுதோணுமா?

வேண்டாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், டெலிகிராம் இதெல்லாம் சொந்தக் கட்டடம் மாதிரி, அங்கேயே ரிப்போர்ட் பட்டன் இருக்கிறது. ரிப்போர்ட் செய்தும் அசையவில்லை என்றால் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படி ஒரு அதிகாரியை வைத்து அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டே ஆக வேண்டும். அவர் சொன்ன முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 மார்ச்சிலிருந்து அது நடக்கிறது, எல்லாம் ஆன்லைன்தான், பீஸ் கிடையாது.

இந்தப் பக்கம் தனி வெப்சைட்டாக இருக்கும் தொல்லைகளைப் பற்றியது. பலருக்கு இந்த விஷயம் தெரியாது: அந்த 2021 விதிகள் 'இடைநிலையாளர்'களுக்கானவை, அதாவது அடுத்தவர் போடும் தகவலைத் தாங்கி நிற்கிற கம்பெனிகளுக்கானவை; இந்தியச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் விளக்கத்திலேயே வெப் ஹோஸ்டிங் கம்பெனியும் சேர்த்தி. ஆக, ஹோஸ்ட் இந்தியக் கம்பெனியாக இருந்தால் மேலே சொன்ன குறைதீர் அதிகாரி வழி அங்கேயும் திறந்திருக்கிறது.

எதையெல்லாம் புகார் பண்ணலாம்? ஒருத்தன் என்ற கடையைப் பத்தி மோசமா எழுதியிருக்கான், அது சேருமுங்களா?

சும்மா மோசமாக எழுதியிருந்தால் சேராது. "இந்தக் கடையில் கிரைண்டர் வாங்கினேன், ஆறு மாதத்தில் மோட்டார் போச்சு" என்று ஒருவர் எழுதினால் அது அவர் கருத்து. எந்த ஹோஸ்டிங் கம்பெனியும் அதை எடுக்காது, எடுக்கவும் கூடாது என்பது என் கட்சி. பொய்யான அவதூறு என்றாலும் அமெரிக்க ஹோஸ்ட் பெரும்பாலும் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றுதான் சொல்லும். 1996-இல் வந்த அவர்கள் சட்டம் ஒன்று, வாடிக்கையாளர் எழுதியதற்கு ஹோஸ்ட் பொறுப்பில்லை என்கிறது. நம் ஊரிலும் 2015-இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அதே திசையில்தான் போனது. எது சட்டவிரோதம் என்று தீர்மானிக்கிற வேலையைக் கம்பெனியின் தலையில் கட்ட முடியாது, கோர்ட்டோ அரசோ சொல்ல வேண்டும்.

வேகமாக வேலைக்கு ஆகிறவை வேறு: பாஸ்வேர்டு திருடும் போலிப் பக்கம், வைரஸ் பரப்புவது, ஸ்பேம், வேறொருவர் பெயரில் நடிப்பது, அந்தரங்கப் படம், வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் போட்டு "போய்ப் பாருங்கடா" என்று தூண்டிவிடுவது, கொலை மிரட்டல், படத் திருட்டு. உங்கள் விஷயம் இதில் எந்தப் பெட்டிக்குள் வருகிறது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், கம்பெனியின் ஃபாரத்தில் முதல் கேள்வியே அதுதான். ஒரே பக்கத்தில் வசவும் இருக்கிறது, உங்கள் வீட்டு முகவரியும் இருக்கிறது என்றால் முகவரியை முன்னால் வையுங்கள். வசவைப் பற்றி விவாதம் செய்யலாம், முகவரி போட்டதில் விவாதமே இல்லை.

அந்த வெப்சைட் எந்தக் கம்பெனில இருக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு தேடல். முதலாவது டொமைன் பெயருக்கு. டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் 'லுக்கப்' பக்கத்தில் பெயரைப் போட்டால் ரிஜிஸ்ட்ரார் யார், எப்போது பதிவானது, புகார் மெயில் எது என்று வரும். முன்னே இதை ஹூஇஸ் என்பார்கள். டாட் காம் மாதிரியான டொமைன்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஆர்டேப் என்ற புது முறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பதிவு செய்தவரின் பெயர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், 2018-இல் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஐபி அட்ரஸுக்கு, அதாவது வெப்சைட் இருக்கிற கம்ப்யூட்டரின் எண் முகவரிக்கு; ஹோஸ்ட் யார் என்பது இதில்தான் தெரியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'என்எஸ்லுக்கப்' என்று அடித்து, ஒரு இடம் விட்டு வெப்சைட் பெயரை அடித்தால் ஐபி எண் வரும். அந்த எண்ணை அது எந்தப் பதிவகத்தில் இருக்கிறதோ அங்கே தேட வேண்டும். உலகத்துக்கே ஐந்துதான்: ஆசியா பசிபிக்குக்கு ஏப்நிக், வட அமெரிக்காவுக்கு ஆரின், ஐரோப்பாவுக்கு ரைப், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக். எதில் என்று தெரியாவிட்டால் ஒன்றில் போட்டாலே மற்றதைக் காட்டிவிடும். வருகிற பதிலில் 'அப்யூஸ்' (தவறான பயன்பாடு) என்று புகாருக்கான ஒரு தொடர்பு இருக்கும். 'அப்யூஸ்' என்று தொடங்கும் மெயிலை வைத்திருக்க வேண்டும் என்பது 1997-லேயே எழுதிவைத்த வழக்கம், அதனால் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கம்பெனியின் டொமைனுக்கு முன்னால் அதைப் போட்டு அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் பெரிய கம்பெனிகள் மெயிலைவிட அவர்கள் தளத்தில் இருக்கும் புகார் ஃபாரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

தேடிப் பார்த்தா கிளவுட்ஃப்ளேர்னு வருதுங்க. அப்ப அவங்கதானே ஹோஸ்ட்?

பெரும்பாலும் இல்லை, இவர் மேலே சொன்ன வாட்ச்மேன். ஐபி தேடினால் வாட்ச்மேன் முகம்தான் தெரியும், பின்னால் இருக்கிற கட்டடம் தெரியாது. கிளவுட்ஃப்ளேரின் புகார் ஃபாரத்தில் எழுதுங்கள். அவர்கள் அதை உண்மையான ஹோஸ்டுக்கு அனுப்பி, பல சமயம் அந்த ஹோஸ்ட் யார் என்று உங்களுக்கும் சொல்வார்கள். அந்தப் பெயர் கையில் வந்தவுடன் அங்கேயும் நேராகப் புகார் போடுங்கள். சில தளங்களைக் கிளவுட்ஃப்ளேரே ஹோஸ்ட் செய்வதும் உண்டு, அப்போது ஒரே புகாரில் வேலை முடிந்தது.

பக்கத்துக்குக் கீழே 'வேர்ட்பிரஸ்'னு போட்டிருக்குது. வேர்ட்பிரஸ் கம்பெனிக்கே எழுதிட்டேன், சரிதானுங்களே?

வேர்ட்பிரஸ் என்பது யாரும் இலவசமாக எடுத்துத் தன் சர்வரில் போட்டுக்கொள்ளும் மென்பொருள். கீழே பெயர் இருப்பதால் அவர்கள்தான் ஹோஸ்ட் என்று ஆகாது. வெப்சைட் முகவரியே 'வேர்ட்பிரஸ் டாட் காம்' என்று முடிந்தால் அவர்களுக்கு எழுதுங்கள். முகவரியில் பிளாக்ஸ்பாட், கூகுள் சைட்ஸ் என்று இருந்தால் கூகுளுக்கு.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன். அது போதாதுங்களா?

போதாது. வாட்ஸ்அப்பில் வருகிற ஸ்கிரீன்ஷாட்டில் பாதிக்கு மேல் முகவரிப் பட்டையை வெட்டிவிட்டு எடுத்ததாகத்தான் இருக்கிறது, அதை வைத்து யாரும் எதையும் தேடிப் பிடிக்க முடியாது. அந்தப் பக்கத்தின் முழு யூஆர்எல்லை, அதாவது முகவரிப் பட்டையில் இருக்கும் முழு முகவரியை, எழுத்தாகக் காப்பி செய்துகொள்ளுங்கள், தளத்தின் முகப்பு முகவரி மட்டும் வேலைக்கு ஆகாது. முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பக்கத்தை அப்படியே பிடிஎஃப், பார்த்த தேதி, நேரம். நேரத்தோடு 'இந்திய நேரம்' என்றும், அது உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் என்றும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டில் லாக் (சர்வரில் எப்போது என்ன நடந்தது என்ற பதிவு) பார்க்கிறவர் வேறு மணியில் தேடிக்கொண்டிருப்பார். பொதுவில் இருக்கிற பக்கமென்றால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமித்துவிடலாம், மூன்றாம் ஆளிடம் இருக்கும் பிரதிக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்தரங்கப் படமோ உங்கள் வீட்டு முகவரியோ இருக்கிற பக்கத்தை அப்படிச் செய்யாதீர்கள், எதை எடுக்கச் சொல்கிறீர்களோ அதற்கே இன்னொரு நகல் ஆகிவிடும்.

இதையெல்லாம் புகார் அனுப்புவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். புகார் போன மறுமணி நேரத்தில் பக்கம் காணாமல் போகலாம். பின்னால் கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும், அதனால் படம் எடுத்த போனையோ கம்ப்யூட்டரையோ விற்றுவிடாதீர்கள், ஃபார்மட்டும் அடிக்காதீர்கள்.

மெயில்ல என்ன எழுதோணும்? தமிழ்லயே எழுதலாமுங்களா?

ஹோஸ்ட் வெளிநாட்டில் இருந்தால் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், இலக்கணம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. படிக்கப்போகிறவர் ஒரே நாளில் எத்தனையோ புகாரைப் பார்க்கிற ஆள். உங்கள் கதையை முழுக்கக் கேட்க அவருக்கு நேரமில்லை, மனசில்லை என்று சொல்லவில்லை, நேரமில்லை. தலைப்பு வரியிலேயே என்ன வகைப் புகார், எந்த டொமைன் என்று வந்துவிட வேண்டும். உள்ளே முதல் வரியில் யூஆர்எல், அடுத்து ஐபி எண், பார்த்த நேரம். அப்புறம் இரண்டு மூன்று வரியில் என்ன நடக்கிறது, உங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். கடைசியில் அந்தக் கம்பெனியின் பயன்பாட்டு விதிகளைத் திறந்து, எந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்று அதன் வரியையே எடுத்துப் போடுங்கள். இந்த ஒன்றைப் பலரும் செய்வதில்லை, செய்தவர்களுக்குப் பதில் சீக்கிரம் வருகிறது என்பது நான் பார்த்தது.

"உங்க மேல கேஸ் போடுவேன்", "எங்க மாமா போலீஸ்ல இருக்காரு" இதெல்லாம் வேண்டாம். மிரட்டல் தொனி வந்தவுடன் சில கம்பெனிகள் புகாரைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடும், அங்கே போனால் ஊறத்தான் செய்யும்.

திட்டி எழுதினதே தமிழ்லதான். அதும் தங்கிலீஷ்ல. அவங்களுக்கு எப்படிப் புரியும்?

புரியாது, அதனால்தான் தமிழ்ப் புகார்கள் நிறைய வீணாகப் போகின்றன. கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்ப்பார்கள், தங்கிலீஷ் என்றால் அதுவும் உளறும். நீங்களே வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுங்கள்: மூல வரி, அதன் கீழே நேரான பொருள், அதன் கீழே அது ஏன் மிரட்டல் அல்லது இழிவு என்று ஒரு வரி. "வீட்டை விட்டு வெளிய வா பாக்கலாம்" என்பதை நேராக மொழிபெயர்த்தால் டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், அடிப்பேன் என்கிற அர்த்தம் அதில் வராது.

சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயர், ஒரு தெருப் பெயர், ஒரு தொழில் பெயரை வைத்தே குத்திவிடுவார்கள், அதை வெளியாள் எவரும் கண்டுபிடிக்க மாட்டார். பிறப்பை வைத்து இழிவு செய்கிற சொல் இது, இந்தியாவில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான இழிவு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்று விளக்கி எழுதுங்கள். பெரும்பாலான கம்பெனிகளின் விதியில் இனம், மதம், சாதி போன்றவற்றை வைத்து வெறுப்பைப் பரப்பக்கூடாது என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், அதோடு இதைச் சேர்த்துக் காட்டுங்கள்.

புகார் குடுத்தா என்ற பேரு அவனுக்குத் தெரிஞ்சுருமுங்களா?

தெரிந்துவிடலாம். நிறைய ஹோஸ்டிங் கம்பெனிகள் வந்த மெயிலை அப்படியே வாடிக்கையாளருக்கு ஃபார்வர்ட் செய்து "இதுக்கு என்ன பதில்?" என்று கேட்கும். அதை எந்தக் கெட்ட எண்ணத்திலும் செய்வதில்லை, அவர்கள் நடைமுறை அப்படி. அதனால் ஆபத்தான ஆள் என்றால், உங்கள் பெயர் இல்லாத புது மெயில் முகவரி ஒன்றைத் திறந்து அதிலிருந்து எழுதுங்கள், கையெழுத்துப் பகுதியில் வரும் போன் நம்பரை எடுத்துவிடுங்கள், 'என் விவரத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டாம்' என்று முதலிலேயே எழுதுங்கள். ஃபாரத்தில் பெயரை மறைக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காப்பிரைட் புகாரில் மட்டும் பெயரை மறைக்க வழியில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

எங்க கேட்லாக் போட்டோவை அப்படியே சுட்டுப் போட்டிருக்கான். இதுக்கு என்ன பண்றது?

திருப்பூரில் இது அடிக்கடி வருகிற கேள்வி. அமெரிக்க ஹோஸ்ட் என்றால் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அவர்கள் காப்பிரைட் சட்டத்தின்படி நோட்டீஸ் அனுப்பலாம். எது உங்கள் படம், அது எங்கே திருட்டுத்தனமாக இருக்கிறது, உங்கள் பெயரும் தொடர்பும், நல்லெண்ணத்தில் எழுதுகிறேன் என்ற உறுதிமொழி, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழி, கையெழுத்து. இதெல்லாம் இருந்தால் கம்பெனி பொதுவாகப் படத்தை எடுத்துவிடும். எதிராளி மறுப்பு நோட்டீஸ் கொடுத்தால் நீங்கள் கோர்ட்டுக்குப் போகாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாளுக்குள் திரும்பப் போட்டுவிடுவார்கள். உங்கள் நோட்டீஸ் எதிராளிக்குப் போகும், சில சமயம் இப்படிப்பட்ட நோட்டீஸ்களைச் சேர்த்து வைக்கும் லூமன் என்ற பொதுத் தொகுப்பிலும் ஏறிவிடும்.

படம் யாருடையது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. காசு கொடுத்து ஆளை வைத்து எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டின் நம் காப்பிரைட் சட்டம். ஆகவே கேட்லாக் போட்டோ கம்பெனிக்காரருடையது, போட்டோகிராபருக்குக் கொடுத்த பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். ஆனால் உங்களை உங்கள் நண்பர் சும்மா எடுத்த படம் உங்களுடையது ஆகாது, அதற்கு இந்த வழி செல்லாது.

பொண்ணு போட்டோவை மார்ஃப் பண்ணி ஒரு சைட்ல போட்டுட்டானுங்க. வெளிய சொல்லவும் முடியல.

முதலில், பெண்ணிடம் "நீ ஏன் போட்டோ போட்டே" என்று கேட்பதை நிறுத்துங்கள், அந்தப் பேச்சு அப்புறம். 2021 விதிகளிலேயே அந்தரங்கப் படம், மார்ஃப் செய்த படம், ஆள்மாறாட்டம் இவற்றுக்குத் தனி வேகம் வைத்திருக்கிறார்கள்: பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றுதான் அந்த விதி வந்தது. பெற்றோரே எழுதலாம் என்பதை இதில் கவனியுங்கள். மற்ற புகாரில் கலக்காமல் இதை மட்டும் தனியாக எழுதுங்கள். கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பதிவு செய்யுங்கள், அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். 18 வயது தாண்டியவர் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. படத்தை அனுப்பவே வேண்டாம், அதன் கைரேகை மாதிரியான ஒரு குறியீட்டை உங்கள் போனிலேயே உருவாக்கிப் பெரிய தளங்களுக்குக் கொடுத்து அங்கே பரவாமல் தடுக்கும்.

18 வயதுக்குள் என்றால் படத்தை டவுன்லோட் செய்யாதீர்கள், ஆதாரம் என்று யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், எனக்கும் அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குழந்தைகளின் ஆபாசப் படத்தை டவுன்லோட் செய்வதே குற்றம். யூஆர்எல்லை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அடியுங்கள். இந்தச் சிறார்களுக்கு அமெரிக்காவின் 'டேக் இட் டவுன்' சேவை, மேலே சொன்ன அதே குறியீட்டு முறையில் நடக்கிறது.

எங்க கம்பெனி பேர்லயே ஒரு எழுத்து மட்டும் மாத்தி வெப்சைட் போட்டு, பையர்கிட்ட பேங்க் அக்கவுண்ட் மாறிருச்சுன்னு மெயில் அனுப்பறான்!

ஏற்றுமதி ஊர்களான திருப்பூருக்கும் கரூருக்கும் இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. பணம் ஏற்கெனவே போயிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, இந்தியாவிலிருந்து போன பணத்துக்கு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், பையர் வெளிநாட்டில் என்றால் அவரை அவர் பேங்கில் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஹோஸ்டிங் புகார் இரண்டு மணி நேரம் கழித்துப் போனாலும் போகட்டும், பணத்தை முடக்குவதில்தான் நிமிடக் கணக்கு.

பிறகு, வெப்சைட் இல்லாமல் டொமைனை வைத்து மெயில் மட்டும் அனுப்புகிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் ஹோஸ்டிடம் எடுக்க ஒன்றுமே இருக்காது, மெயில் சேவை கொடுக்கிறவரையும் ரிஜிஸ்ட்ராரையும்தான் பிடிக்க வேண்டும். வந்த மெயிலை ஃபார்வர்ட் செய்தால், அது எந்த வழியாக வந்தது என்று காட்டும் மறைவான தலைப்பு விவரங்கள் போய்விடும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' போய் முழுசாக டவுன்லோட் செய்து இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள், பையரிடமும் அதையே கேளுங்கள். ஃபிஷிங் (போலிப் பக்கம், போலி மெயில் வைத்து ஏமாற்றுவது), மால்வேர் (வைரஸ்) மாதிரியான விஷயங்களில் ஆதாரத்தோடு புகார் வந்தால் ரிஜிஸ்ட்ரார் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று ஐகான் ஒப்பந்தத்தில் 2024 ஏப்ரலிலிருந்து ஷரத்து இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கூகுளின் சேஃப் பிரவுசிங் பக்கத்திலும் ரிப்போர்ட் செய்தால், ஹோஸ்ட் தூங்கினாலும் குரோமில் திறக்கிறவருக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும்.

டொமைனையே உங்கள் கைக்கு வாங்க வேண்டுமென்றால் அது வேறு பாதை. டாட் காமுக்கு யுடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை. யுடிஆர்பியில் வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரு நடுவரை வைத்து நடத்த 1,500 டாலர் கட்டணம், அதோடு உங்கள் பெயருக்கு டிரேட்மார்க் உரிமை இருப்பதையும் காட்ட வேண்டும். டிரேட்மார்க் பதிவு செய்யாமலேயே முப்பது வருஷம் தொழில் நடத்துகிற கம்பெனிகள் நம் ஊரில் ஏராளம்.

புகார் குடுத்து ஒரு வாரம் ஆச்சு. ஒண்ணுமே வரலீங்களே?

தானாக வரும் 'டிக்கெட் நம்பர்' மெயில் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள். பல கம்பெனிகள் என்ன செய்தோம் என்று சொல்லவே மாட்டார்கள், வாடிக்கையாளர் ரகசியம் என்பார்கள். அதனால் பக்கம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் பதில். பிரவுசர் பழைய பிரதியைக் காட்டி ஏமாற்றும், வேறு போனில் திறந்து பாருங்கள். நினைவூட்டல் அனுப்பினால் அதே டிக்கெட் நம்பரில் அனுப்புங்கள்.

இரண்டு மூன்று முறை எழுதியும் அசையாவிட்டால் ஒரு படி மேலே போகலாம். சின்ன ஹோஸ்டிங் கம்பெனி பல, பெரிய கம்பெனியிடம் சர்வரை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவை. அவர்களுக்கும் இணைய இணைப்பு கொடுக்கிறவர் ஒருவர் இருப்பார். ஐபி தேடலில் வரும் ஏஎஸ் எண்ணை (அந்த நெட்வொர்க்கின் அடையாள எண்) வைத்து அவர் யார் என்று பார்க்கலாம். 2008 நவம்பரில் அமெரிக்காவில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் கம்பெனிக்கு இணைப்பு கொடுத்தவர்கள் அதைத் துண்டித்தபோது உலகம் முழுக்க ஸ்பேம் மெயில் சட்டென்று பெரிய அளவில் குறைந்தது. ஆனால் ஒரு தனி ஆளின் வசவுப் பக்கத்துக்காக அவ்வளவு தூரம் யாரும் போக மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்க வாட்ஸ்அப் குரூப்ல இருநூறு பேர் இருக்கோம். எல்லாருமா ஒரே புகாரை அனுப்புனா சீக்கிரம் எடுத்துருவாங்களா?

இல்லை. ஒரே வாசகத்தில் இருநூறு மெயில் போனால் அதுவே ஸ்பேம் மாதிரி தெரியும், எல்லாவற்றையும் ஒரு டிக்கெட்டில் கட்டிப் போடுவார்கள். ஒருவர் ஒழுங்காக எழுதினால் போதும். வேறு வேறு ஆளுக்கு வேறு வேறு பாதிப்பு இருந்தால் மட்டும் அவரவர் ஆதாரத்தோடு தனியாக எழுதலாம். பிடிக்காத ஒருவருடைய சைட்டை மூட வைக்க இதே வேலையைச் செய்வதாக இருந்தால், அதற்கு என்னிடம் உதவி கேட்க வேண்டாம்.

எடுத்துட்டாங்க, சந்தோஷம். ஆனா மறுநாளே வேற கம்பெனிக்கு மாத்தி மறுபடி போட்டுட்டான்!

இது நடக்கும். 2022 செப்டம்பரில் கிவி ஃபார்ம்ஸ் என்ற தொல்லைத் தளத்தைக் கிளவுட்ஃப்ளேர் கைவிட்டது, உலகச் செய்தி ஆனது, அப்புறமும் அது இடம் மாறி மாறி மேலே வந்தது. புகார் எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பதையே விற்பனைச் சரக்காக வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, புல்லட்ப்ரூஃப் ஹோஸ்டிங் என்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, முதல் புகாரின் எல்லாக் கோப்பையும் பத்திரமாக வைத்து, புது ஹோஸ்டைத் தேடி, 'இந்தப் பக்கத்தை முந்தைய ஹோஸ்ட் இன்ன தேதியில் எடுத்தது' என்று சேர்த்து அனுப்புவது. இரண்டாவது புகார் எழுதப் பத்து நிமிடம் போதும், அவனுக்கு இடம் மாற்றக் காசும் நேரமும் போகும். கூடவே கூகுள் தேடலிலிருந்து எடுக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பியுங்கள். உங்கள் பெயரைத் தேடினால் வராத பக்கத்தை உறவுக்காரர் யாரும் பார்க்கப் போவதில்லை.

போலீஸுக்கே போயிட்டா இதெல்லாம் தேவையில்லைதானுங்களே? எந்த ஸ்டேஷனுக்குப் போறது?

இரண்டும் வேறு வேலை. ஹோஸ்ட் பக்கத்தை எடுக்கும், யார் போட்டது என்று உங்களிடம் சொல்லாது. போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டி வரும். மிரட்டல், அந்தரங்கப் படம், பணம் என்றால் போலீஸும் கட்டாயம். மாவட்டந்தோறும் சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர், சேலத்தில் மாநகரத்துக்குத் தனி, மாவட்டத்துக்குத் தனி. "இது எங்க எல்லை இல்லைங்க" என்று அனுப்பினால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று இருப்பதை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும், அதனால் எஸ்எஸ்ஐ கையில் கொடுத்துவிட்டு வந்து காத்திருக்காதீர்கள்.

நாள் கடத்தாதீர்கள். இந்திய கம்பெனிகள் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவு போட்டது, வெளிநாட்டுக் கம்பெனி அதற்கு முன்பே அழித்திருக்கலாம். ஹோஸ்டுக்கு எழுதும் புகாரிலேயே 'போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன், பக்கத்தை நீக்கினாலும் லாகையும் வாடிக்கையாளர் விவரத்தையும் பாதுகாத்து வையுங்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது அவர்களைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் பின்னால் உதவும்.

தலைகீழாப் போச்சுங்க. எங்க சைட் மேலயே அப்யூஸ் புகார்னு ஹோஸ்டிங் கம்பெனி மெயில் அனுப்பியிருக்குது. நாங்க ஒண்ணுமே பண்ணலீங்களே!

நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள், உங்கள் சைட்டுக்குள் யாரோ புகுந்திருப்பார்கள். விசைத்தறிக் கம்பெனி, தேங்காய் மண்டி என்று ஒரு முறை சைட் போட்டுவிட்டு நாலு வருஷம் திரும்பிப் பார்க்காத இடங்களில்தான் இது நடக்கிறது: அப்டேட் செய்யாத ப்ளகின் (சைட்டில் சேர்க்கும் துணை மென்பொருள்), காசு கொடுக்காமல் எங்கிருந்தோ எடுத்த தீம் (சைட்டின் தோற்ற வடிவம்), அதன் வழியாக உள்ளே ஒரு போலி பேங்க் பக்கத்தைச் சொருகிவிடுகிறார்கள். முகப்பில் உங்கள் படம் அழகாகவே இருக்கும், உள்ளே ஏதோ ஒரு ஃபோல்டரில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

மெயில் நிஜமாகவே உங்கள் ஹோஸ்டிடமிருந்துதான் வந்ததா என்று முதலில் பாருங்கள், அதன் லிங்கைத் தொடாமல் நேராக லாகின் செய்து டிக்கெட் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அன்றைக்கே "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் போடுங்கள். பதிலே போடாவிட்டால் சைட்டை முடக்கிவிடுவார்கள், மெயிலும் அதே கணக்கில் இருந்தால் அதுவும் போய்விடும். புகாரில் சொன்ன ஃபைலை மட்டும் அழித்துவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள், வந்த வழி திறந்திருந்தால் நாளைக்கே வருவார்கள். ஊடுருவலுக்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதைப் போட்டு, எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். குரோமில் சிவப்பு எச்சரிக்கை விழுந்திருந்தால் சைட் ஓனர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் மறுபரிசீலனை கேட்க வேண்டும். பாஸ்வேர்டு மாற்றும்போது, முன்னே சைட் செய்து கொடுத்த பையனின் பழைய லாகின் இன்னும் அட்மினாகவே இருக்கிறதா என்று பார்த்து அதையும் எடுத்துவிடுங்கள்.